கம்பு எந்தக் கையில்?

சிலம்பம் படிக்க வரும் பிள்ளைக்கு வாத்தியார் முதலில் காலடிதான் சொல்லிக் கொடுப்பார். கால் படிந்த பிறகே கம்பு கைக்கு வரும். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, வாத்தியாரை வணங்கி, சோத்தாங்கையால் வாங்க வேண்டும். வாங்கிய கையே சுற்றும் கையாகவும் ஆகிவிடுகிறது. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று முல்லைப் பெரியாற்றை ஒட்டி நான் பார்த்த வகுப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. உனக்கு எந்தக் கை வாகு என்று கேட்டுவிட்டுக் கம்பைக் கொடுத்தவர்கள் குறைவு. இந்த வழக்கத்துக்கு நியாயம் உண்டு. அந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பு ஆடுகிறவரின் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 5½ அடி. பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் திடலிலோ பிள்ளைகள் வரிசை கட்டி நின்று அதை வீசும்போது ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் கால் எடுத்து வைத்தால், பக்கத்துப் பிள்ளையின் கம்பு அவன் முட்டியில் இறங்கும். திருவிழாவில் மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு தெருவில் போகும்போது இடம் இன்னும் நெருக்கடி. ஒரே கை, ஒரே பக்கம் என்ற கட்டுப்பாடு இந்த ஆபத்தைப் பெருமளவு தடுத்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஆட்ட வரிசைகள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை, வாத்தியாரின் உடம்பில் இருக்கின்றன. அவர் தன் வாத்தியாரிடம் வலக்கையாகவே வாங்கியவர். ஒரு வரிசையை இடவலம் மாற்றிச் செய்து காட்டச் சொன்னால், கைதேர்ந்தவர்கூட ஒரு கணம் நின்று யோசித்துத்தான் செய்வார். கூலி வேலையோ தோட்ட வேலையோ முடித்துவிட்டு வந்து மாலையில் சொல்லிக் கொடுக்கிறவரிடம் இதைக் கூடுதலாகக் கேட்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் பத்துப் பேரில் ஒருவர் இடக்கை வாகுடன்தான் பிறக்கிறார். சின்னமனூர்ப் பக்கம் ஒரு வகுப்பில் அப்படி ஒரு சிறுமியைப் பார்த்தேன். வலக்கையில் சுற்றும்போது அவளுடைய முழங்கை விலாவை விட்டு மேலே எழும்பியது, தோள் விறைத்தது, கம்பின் அடிமுனை ஒவ்வொரு சுற்றிலும் தொடையைத் தட்டியது. வாத்தியார் மறுபக்கம் திரும்பியதும் கம்பு இடக்கைக்குப் போனது. முழங்கை தானாக இறங்கிற்று. மணிக்கட்டு மட்டும் வேலை செய்தது. காற்றைக் கிழிக்கும் அந்த ‘விர்’ ஒலி ஒரே சீராக வந்தது. அவர் திரும்பிப் பார்த்ததும், “ஏத்தா, பீச்சாங்கைல சுத்தாத” என்று அன்பாகத்தான் சொன்னார். கம்பு மறுபடி வலக்கைக்கு வந்தது, தொடையில் அடியும் வந்தது. அவள் இழப்பது வேகத்தை மட்டுமென்றால் பரவாயில்லை. இந்தக் கலை தனக்கு வராது என்ற எண்ணமும் அங்கேதான் முளைக்கிறது.

வலக்கைப் பிள்ளைகளுக்கும் இந்த வழக்கம் முழு நன்மை செய்வதில்லை. கம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறு கைக்கு மாற்றும் இடத்தைக் கவனித்தால் தெரியும். வலக்கை அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தளர்வாக வைத்திருக்கிறது. அதனால் சுற்று அறுபடாமல் பின்னால் போய்விடுகிறது. பழகாத இடக்கை அதே கம்பை முழு முஷ்டியால் பிடிக்கிறது. பிடித்த கணத்தில் சுற்று நின்றுவிடுகிறது. பிறகு முழங்கையின் பலத்தில் மறுபடி கிளப்ப வேண்டியிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது அரைத் தாளம் தாமதம். எதிரே நிற்கிறவருக்கு அது திறந்த கதவு. இரட்டைக் கம்பு எடுக்கும்போது குறை முழுதாக வெளியே வருகிறது: வலக்கம்பு வட்டம் போடுகிறது, இடக்கம்பு உடம்பை நோக்கிச் சரிந்து முட்டை வடிவமாகிறது. ஒற்றைக் கம்பில் வருஷக்கணக்காக ஒரு கையையே பழக்கிவிட்டு, இரட்டைக் கம்பு வந்த பிறகு இன்னொரு கையைத் தேடுவது தாமதமான தேடல்.

தொடுமுறையில், அதாவது எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டத்தில், விஷயம் இன்னும் கூர்மையானது. குத்துச்சண்டையிலும் வாள்சண்டையிலும் இடக்கை வீரர்கள் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கை விட அதிகமாக மேலே வருவது பலகாலம் கவனிக்கப்பட்ட உண்மை. எதிராளி பழகியிராத பக்கத்திலிருந்து அடி வருகிறது என்பதே காரணம். சிலம்பத்துக்கும் அது பொருந்தாமல் போகாது. அப்படிப்பட்ட பிள்ளையை வலக்கைக்கு மாற்றும் வாத்தியார் தன் அணியின் நல்ல ஆயுதம் ஒன்றைத் தானே கழற்றி வைக்கிறார்.

இதே ஊர்களில் கோலாட்டத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. இரண்டு கையிலும் கோல். இடக்கோல் பக்கத்துப் பெண்ணின் கோலில் தட்டாவிட்டால் வட்டமே உடைந்துவிடும். பின்னல் கோலாட்டத்தில் கயிறும் சேர்ந்துகொண்டால் இரு கையும் சமமாக வேலை செய்தாக வேண்டும். சிறு பிள்ளைகள் அதைப் பாட்டோடு பாட்டாகப் பழகிவிடுகிறார்கள். இடக்கை கற்காது என்பது உண்மையில்லை, அதனிடம் நாம் கேட்பதில்லை என்பதற்கு நம் பக்கத்திலேயே கிடைக்கும் சான்று இது.

எகிப்தின் தென்பகுதியில் ஆண்கள் ஆடும் தஹ்தீப் என்ற கம்பாட்டமும் போர்க்கலையிலிருந்து வந்ததுதான். 2016இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதன் சாயலில் பெண்கள் மெல்லிய வளைபிடிக் கம்பு வைத்து ஆடும் ஆட்டமும் உண்டு. 1959இல் மஹ்மூத் ரெடா கெய்ரோவில் தொடங்கிய குழு இத்தகைய ஆட்டங்களை மேடைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெண்கள் ஆட்டத்தில் தாளம் இடுப்பில் இருக்கிறது, கம்பு அதற்கு அணி. இடக்கை கொஞ்சம் பின்தங்கினால் அழகு குறையும், அவ்வளவுதான். சிலம்பத்தில் பின்தங்கிய பக்கம் அடி விழும் பக்கம். ஆகவே அந்த நடனக்காரர்களை விட நாம்தான் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள்.

முதல் நாளிலிருந்தே இரு கைக்கும் சம நேரம் என்று சில புதிய பயிற்சியாளர்கள் தொடங்கியிருக்கிறார்கள். எண்ணம் நல்லது, ஆனால் எனக்கு முழு உடன்பாடில்லை. சுற்று என்னவென்று ஒரு கையாவது உணர்ந்த பிறகுதான் மறு கைக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். ஒரு கை கற்ற திறனில் ஒரு பங்கு மறு கைக்கும் வந்து சேர்கிறது என்பது ஆய்வுகளிலும் தெரிந்த செய்தி. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் பிள்ளை இரண்டிலும் தடுமாறி அலுத்துவிடும்.

போட்டிகள் இன்னொரு நெருக்கடி. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்துவிட்டது. 2024இல் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் செயல்விளக்க விளையாட்டாகவும் இடம் பெற்றது. நெடுநாள் கழித்து வந்த இந்த மரியாதை மனசை நிறைக்கிறது. ஆனால் குறுகிய நேரத்தில் வேகம் காட்ட வேண்டிய இடத்தில், வேகமான கையையே மேலும் மேலும் தீட்டத்தான் பெற்றோரும் பயிற்சியாளரும் நினைப்பார்கள். சான்றிதழ் கைக்கு வந்துவிடும், இடக்கை இருந்த இடத்திலேயே இருக்கும்.

வழக்கத்தை உடைக்காமலே இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. கம்பை வாங்குவதும் வணங்குவதும் வலக்கையாலேயே இருக்கட்டும். அது மரியாதை, அதில் கை வைக்க வேண்டாம். சுற்றும் கை மட்டும் பிள்ளையின் வாகைப் பொறுத்ததாக இருக்கட்டும். இடக்கைப் பிள்ளைகளை வரிசையின் இடது ஓரத்தில், இரண்டு கம்பு இடைவெளி விட்டு நிறுத்தினால் மோதல் பயம் போய்விடும். ஆட்ட வரிசையை மாற்றிச் செய்து காட்ட வேண்டிய பாரமும் வாத்தியாருக்கு வேண்டியதில்லை. அவர் முதுகைக் காட்டி நின்றால் வலக்கைப் பிள்ளைகளுக்கு அப்படியே விளங்கும். இடக்கைப் பிள்ளைகளை நோக்கித் திரும்பி நின்றால் அவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துப் பழகிவிடுவார்கள். முதல் சுற்று நன்றாகப் படிந்ததும், இரட்டைக் கம்புக்குக் காத்திராமல், ஒவ்வொரு நாளும் வகுப்பின் கடைசிக் கொஞ்ச நேரத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் மறு கைக்கென்று ஒதுக்கிவிடலாம்.