தொடர்ச்சியில் தேயும் அச்சம்: பொந்தியானாக் படவரிசையை முன்வைத்து

திகில் படங்களின் தொடர்ச்சிகள் முதற்படத்தின் வணிக எச்சங்களே. அவற்றைக் காண்பது வீண் என்னும் கருத்துப் பரவலாக உண்டு. சிங்கப்பூரில் உருவான பொந்தியானாக் படவரிசை அக்கருத்தை மறுஆய்வுக்கு உட்படுத்துகிறது.

கத்தே-கெரிஸ் நிறுவனத்திற்காகப் 'பொந்தியானாக்' (1957) படத்தை இயக்கியவர் பி. என். ராவ். தமிழில் 'ரம்பையின் காதல்' (1939) படத்தை இயக்கியவரும் அவரே. மரியா மெனாடோ நடித்த அப்படத்தின் வெற்றியைத் தொடர்ந்து, அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்'கும் 1958இல் 'சும்பா பொந்தியானாக்'கும் வெளிவந்தன. இம்மூன்றனுள் முதலிரண்டின் படிகள் இன்று கிடைப்பதில்லை, மூன்றாவதே எஞ்சியுள்ளது. எனவே, இங்குத் தொடர்ச்சியைப் புறக்கணித்தல் மூலத்தின் தடத்தையே புறக்கணித்தலாகும்.

ஆயினும், எஞ்சியது என்பதனால் மட்டும் ஒரு படைப்புச் சிறந்ததாகிவிடாது. 'சும்பா பொந்தியானாக்'கில் நிகழ்ச்சிப் பிணைப்புத் தளர்ந்துள்ளது, அச்சமும் குறைவே. பலமுறை கண்ட பேய்க்கு எவரும் அஞ்சார். எனினும் ஒன்று நோக்கத்தக்கது. மலாய் நாட்டார் நம்பிக்கையில் பொந்தியானாக் என்பது மகப்பேற்றின்போது இறந்த பெண்ணின் ஆவி. தாய்மை மறுக்கப்பட்ட அவ்வுருவை, மகளைப் பெற்ற தாயாகவும் பிற கொடிய உருவங்களிடமிருந்து ஊரைக் காப்பவளாகவும் இப்படம் காட்டுகிறது. அச்சம் தேய்ந்த இடத்தில் இரக்கம் வளர்கிறது. முன்னர் அவளுக்கு அஞ்சியவர்க்கே அவ்விரக்கத்தின் ஆழம் புலப்படும். அதனைத் தொடர்ச்சியே தர இயலும்.

முதற்படத்தின் அச்சத்தையே மீண்டும் விற்கும் தொடர்ச்சியை ஒதுக்கலாம். அஞ்சப்பட்டவளின் துயரை வினவும் தொடர்ச்சியை ஒதுக்குதல் தகாது. இப்படம் இரண்டாம் வகையைச் சார்ந்தது, குறைகளோடும் காணத்தக்கது.