குவின்லன் டெரியின் தூண்கள்

குவின்லன் டெரியைத் திட்டுவது சுலபம். 1937இல் பிறந்தவர், நவீனத்துவம் கோலோச்சிய காலத்தில் லண்டனில் கட்டடக்கலை படித்துவிட்டு, அந்த வழியே வேண்டாமென்று ரேமண்ட் எரித்திடம் போய்ச் சேர்ந்தார். 1973இல் எரித் இறந்த பின்பும் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, கிரேக்க உரோமத் தூண்கள் என்று பிடிவாதமாகக் கட்டினார். பழசின் நகல் என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். நகல் என்பது எனக்குக் குற்றமாகப் படவில்லை. மரபு என்றாலே திரும்பச் செய்வதுதானே?

என் சிக்கல் வேறு. 1980களில் தேம்ஸ் கரையில் எழுந்த ரிச்மண்ட் ரிவர்சைடை எடுத்துக்கொள்வோம். பல காலங்களில் பலர் கட்டிய வீதிபோல ஒவ்வொரு முகப்பும் வேறு. வெயில் நாளில் அதன் முன்னால் புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கென்று அளவெடுத்த அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் இருப்பவை தொங்குகூரை போட்ட அலுவலகத் தளங்கள்.

முகப்பு ஒன்று, பின்னணி ஒன்று என்பது என் மென்பொருள் தொழிலில் அன்றாடம். நான் அதைப் பாவமென்றால் சிரிப்பார்கள். ஆனால் டெரி அப்படிச் சமாதானம் சொல்லக்கூடியவரல்ல. தூண் வகைகள் கடவுள் அருளியவை என்று வாதிட்டவர். அவர்தான் ரீஜன்ட்ஸ் பூங்காவில் 1988 தொடங்கி ஆறு மாளிகைகள் கட்டினார்: ஒன்று வெனெட்டோ, ஒன்று கோதிக், ஒன்று கொரிந்தியன்... துணிக்கடையில் சேலை பிரித்துப் போடுவதுபோல. அருளப்பட்டது ஒன்றென்றால், பக்கத்திலேயே கோதிக் எதற்கு? பணக்கார வாடிக்கையாளருக்குத் தெரிவு வேண்டும், அவ்வளவுதான். 2005இல் டிரீஹாஸ் பரிசு கிடைத்தபோதும் இந்தக் கேள்வி அப்படியே நின்றது.

எசெக்ஸில் 1991இல் அர்ப்பணிக்கப்பட்ட பிரென்ட்வுட் பேராலயத்தில் மட்டும் அதற்கு விடை இருக்கிறது. ஐந்து தூண் வகைகளும் அங்கே உண்டு. ஆனால் கடைவிரிப்பாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு வேலை. உள்ளே வெள்ளைச் சுவர், சாயமற்ற கண்ணாடி, ஒளி. வெளியே தெரிகிற ஜன்னல் உள்ளே நிற்பவருக்கும் அதே ஜன்னல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோதிக் ஆலயத்தின் ஒரு பகுதியை இடிக்காமல் சேர்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டும் ஒட்டும் இடத்தை மறைக்கவும் இல்லை. இங்கே கோதிக் அருகில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அது முன்பே அங்கே இருந்தது.

ரிச்மண்டைப் பார்த்துவிட்டு இதற்குப் போங்கள். அந்த வரிசையில் பார்த்தால்தான் மனிதர் பிடிபடுகிறார்.