செய்மதியின் கண் யாருக்காக?

சிறு வள்ளங்களிலும் செய்மதிக் கருவியைப் பொருத்திவிட்டால் ஏழை நாடுகளின் கடற்றொழிலாளர் சாவது குறைந்துவிடும் என்றொரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. கருவி நல்லதுதான். ஆனால் 'பாதுகாப்பு' என்ற சொல்லை அப்படியே விழுங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. வள்ளம் நிற்கிற இடம் யாருடைய திரையில் தெரிகிறது, தெரிந்தபின் யார் புறப்படுகிறார்கள் என்பதில்தான் விடயம் தங்கியிருக்கிறது.

இலங்கையையே எடுப்போம். வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் பலநாட் கலன்களில் இக்கருவிகள் பரவலாக ஏறியது எப்போது? சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதாகச் சொல்லி, 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்த பிறகு. 2016 ஜூனில் தடை நீங்கியது. அதற்குமுன் புயலில் போனவர்களுக்காக இந்த அவசரம் ஏன் வரவில்லை? மீன் எங்கே பிடிபட்டது என்று சந்தைக்குத் தெரியவேண்டியிருந்தது. பிடித்தவன் எங்கே போனான் என்பது அவனுடைய வீட்டாரின் கவலையாகவே இருந்தது.

அடுத்தது, அகதிகளாகிய எம்மை நேரே தொடுவது. 2021 டிசம்பரில் கொழும்புக்கு வந்த அப்போதைய அவுஸ்திரேலிய உள்துறை அமைச்சர் கரன் அன்ட்ரூஸ், இலங்கை மீன்பிடிக் கலன்களுக்கு 4000க்கும் மேற்பட்ட கருவிகள் தருவதாக அறிவித்தார். கொடுப்பது மீன்பிடித் துறையல்ல, எல்லைக்காவலைக் கையில் வைத்திருக்கும் உள்துறை! ஆட்கடத்தலைத் தடுப்பதே நோக்கம் என்பதை அவர்கள் மறைக்கவுமில்லை. 2013இல் இதே நாடு இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகளைக் கொடுப்பதாக அறிவித்ததும் இந்த நோக்கத்தில்தான். ஒரு கலன் தொழிலுக்குப் போகிறதா, ஆட்களை ஏற்றிக்கொண்டு தென்கிழக்கே திரும்புகிறதா என்பதை இனிக் கரையில் இருந்தபடியே பார்க்கலாம்.

கண்காணிப்பு எதற்காக இருந்தாலென்ன, ஆபத்து வேளையில் திரையிலுள்ள அதே புள்ளி உயிரைக் காக்குமே என்று சிலர் சொல்லக்கூடும். 2011 மார்ச் கடைசியில் லிபியாவிலிருந்து 72 பேருடன் புறப்பட்ட றப்பர் படகை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். எரிபொருள் தீர்ந்துவரும் நிலையில், படகிலிருந்தவர்கள் செய்மதித் தொலைபேசியில் ரோமிலிருந்த எரித்திரியப் பாதிரியார் ஒருவரை அழைத்தார்கள். இத்தாலிய மீட்பு நிலையம் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து படகின் இடத்தைப் பெற்றுக் கப்பல்களுக்கும் நேட்டோவுக்கும் அறிவித்தது. ஒரு ஹெலிகொப்டர் வந்து தண்ணீரையும் பிஸ்கற்றையும் இறக்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான். இரண்டு வாரம் மிதந்த படகில் மிஞ்சியவர்கள் 9 பேர். ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்ற அவை 2012இல் இதை விசாரித்து அறிக்கையிட்டிருக்கிறது. செய்மதி தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது.

வேறுவகைக் கருவியும் உண்டு. அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் ஆகியவை (பனிப்போரின் நடுவே, சும்மா சொல்லக்கூடாது!) சேர்ந்து உருவாக்கிய கொஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாடு 1982 முதல் இயங்குகிறது. இதற்கான அபாயக் கருவி, ஆபத்து வரும்வரை வாய்திறப்பதில்லை. இயக்கினால் மட்டும் 406 மெகாஹேர்ட்ஸில் மீட்பு நிலையத்துக்குக் குரல் கொடுக்கும். மாதச் சந்தாவும் கிடையாது. எப்போது தன்னைக் காட்டுவது என்பதைக் கடலிலிருப்பவனே தீர்மானிக்கிறான். 18 அடிப் படகில் ஒற்றை இயந்திரத்தோடு போகிறவனுக்கு அதன் விலைதான் இடிக்கிறது. அன்பளிப்புச் செய்ய வருகிறவர்கள் இதைக் கொடுக்கலாமே?

கொடுத்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். இலங்கையில் கடல்மீட்பு ஒருங்கிணைப்பு கடற்படையின் கையிலேயே இருக்கிறது. போர்க்காலம் முழுக்கக் கடல்வலயத் தடையையும் துப்பாக்கிச் சூட்டையும் கண்ட வடகரைக்காரன், அந்தப் பொத்தானை அமத்துமுன் ஒருகணம் யோசிக்கமாட்டானா? மீட்பை ஒரு சிவில் அமைப்பிடமோ, கடற்றொழிலாளர் சங்கங்களிடமோ, எரிபொருளுக்கான பணத்தோடு ஒப்படைக்க முடியுமா? தொழில் செய்த அனுபவமுள்ளவர்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். அடுத்த இதழில் அவர்கள் எழுதவேண்டும்.