வகுப்பு முடிந்த பின்

பீட்டர் ஹெஸ்லர் 1996 முதல் 1998 வரை சீனாவின் ஃபூலிங் ஆசிரிய கலாசாலையில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். அவ்வனுபவமே 2001இல் 'ரிவர் டவுன்' என்னும் நூலாக வெளிவந்தது. ஆசிரியனாகிய என்னைக் கவர்ந்தவை வகுப்பறைக்கு வெளியே நிகழும் பக்கங்கள்தாம். முறையாகப் பாடம் கேட்டதோடு நில்லாமல், நூடில்ஸ் கடையிலும் தேநீர்க் கடையிலும் உட்கார்ந்து ஊராரோடு பேசியே அவர் சீனமொழி பழகுகிறார். ஓய்வுநேரத்தில் ஆசிரியர் மாணவராகிறார். அதனால்தான் அந்நகரம் வெறும் வேடிக்கைப் பொருளாகிவிடவில்லை.

ஆயினும் ஒரு நெருடல். மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகள் நூலில் தாராளமாக எடுத்தாளப்பட்டுள்ளன. நூலுக்கு உயிரூட்டுபவையும் அவையே. ஆனால், அவர்கள் எழுதியது ஆசிரியர் திருத்துவதற்காக, உலகம் வாசிப்பதற்காகவல்ல. மாணவரின் கொப்பி யாருக்குச் சொந்தம்? பிறநாட்டில் படிப்பித்துவிட்டு எழுத உட்காரும் ஒவ்வோர் ஆசிரியரும் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது.