யோகா-கேர்: எதை நிறுவியது, எதை நிறுவவில்லை

மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரை இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தது யோகா-கேர் ஆய்வு. துரைராஜ் பிரபாகரன், அம்பலம் சந்திரசேகரன், சஞ்சய் கின்ரா முதலியோர் நடத்திய இதன் முடிவுகள் 2020இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் இதழில் வெளிவந்தன. யோகா இதயத்தைக் காக்கும் என்று வாதிடுபவரும், அதனால் பயனே இல்லை என்று மறுப்பவரும் அவரவர் வசதிப்படி இதிலிருந்து ஓர் எண்ணை எடுத்துக்கொள்ள முடியும். இரண்டுமே அவசர வாசிப்புகள்.

ஆய்வு சோதித்த யோகா வழி இதய மறுவாழ்வுத் திட்டத்தின் அமைப்பைப் பாராட்டித்தான் தொடங்க வேண்டும். மூன்று மாதங்களில் 13 அமர்வுகள். ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம், அவற்றோடு வாழ்க்கைமுறை பற்றிய கலந்துரையாடல். ட்ரெட்மில் வரிசையோ தனிக்கூடமோ தேவையில்லை. பயிற்றுநரும் ஓர் அறையும் போதும். ஸ்டென்ட் வைத்து வீடு திரும்புபவரின் டிஸ்சார்ஜ் தாளைப் பாருங்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என்று வேளை தவறாமல் குறித்திருக்கும், உடலுழைப்பு பற்றி ‘நடக்கவும்’ என்ற ஒரு சொல் இருந்தால் அதிகம். மாடி ஏறலாமா, வேலைக்குப் போகலாமா என்ற கேள்விகளை அவர் வீட்டாரிடமும் அண்டை அயலாரிடமும்தான் கேட்கிறார். அந்த வெற்றிடத்தைக் குறிவைத்தது இத்திட்டத்தின் முதல் தகுதி.

முறையியலிலும் நேர்மை தெரிகிறது. இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், இதயக் கோளாறுக்கான அவசர அனுமதி ஆகியவற்றின் கூட்டுத்தொகை ஓர் அளவுகோல். நோயாளி தம் உடல்நலத்துக்குத் தாமே தரும் மதிப்பெண் இன்னொன்று. கடினமான அளவுகோலையும் முதன்மையாக வைத்து, அதில் வெல்லவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். இப்பாதிப்புகள் நேர்ந்தவர்கள் யோகா பிரிவில் 6.7 சதவீதம், ஒப்பீட்டுப் பிரிவில் 7.4 சதவீதம். இந்த வித்தியாசத்தின் நம்பக இடைவெளி, ஆபத்து 29 சதவீதம் குறைவதிலிருந்து 15 சதவீதம் கூடுவது வரை விரிகிறது. எதிர்பார்த்ததைவிடக் குறைவான பாதிப்புகளே நேர்ந்ததால் ஆய்வுக்குப் போதிய வலு இல்லாமல் போயிற்று. ஆகவே ‘பயனில்லை என்று நிரூபணமாகிவிட்டது’ என்பதும் பிழை. ‘பயன் உண்டு, எண்ணிக்கைதான் போதவில்லை’ என்பதும் பிழை.

சிக்கல் தொடங்குவது வேறோர் எண்ணில். 13 அமர்வுகளில் குறைந்தது 10க்கு வந்தவர்களிடம் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆய்வின் மிகக் கவர்ச்சியான எண்ணும் மிகப் பலவீனமான எண்ணும் இதுவே. ஒழுங்காக வந்தவர் யார்? பேருந்தேறி வர உடலில் தெம்புள்ளவர், கூட வர ஆளுள்ளவர், வேலையில் விடுப்புக் கிடைப்பவர். இடையில் மீண்டும் நோயில் விழுந்தவரால் பத்து அமர்வை எட்டியிருப்பது கடினம். குலுக்கல் முறை எந்தப் பாகுபாட்டை நீக்கியதோ, அதை இந்தக் கணக்கு கொல்லைப்புறமாக உள்ளே விடுகிறது. இதய மருத்துவத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1980இல் முடிவு வெளியான அமெரிக்காவின் கொரோனரி டிரக் புராஜெக்ட் ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்தாண்டு இறப்பு சுமார் 15 சதவீதம். ஒழுங்கில்லாதவர்களில் சுமார் 28. வெற்று மாத்திரை யாரையும் காப்பாற்றவில்லை. ஒழுங்காக விழுங்கக்கூடியவர்கள் வேறு வகை மனிதர்களாக இருந்தார்கள். இதை அறிந்த பிறகும் அந்தப் ‘பாதி’யை விளம்பரத் தாளில் அச்சிடும் மருத்துவமனையை மன்னிக்க முடியாது.

சுயமதிப்பெண்ணில் யோகா பிரிவு வென்றது, ஆனால் 100க்கு 1.5 புள்ளி அளவில். எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதை அறிந்த நோயாளி தரும் மதிப்பெண் இது. ஒப்பீட்டுப் பிரிவினருக்குக் கிடைத்ததோ மூன்று அறிவுரை அமர்வுகள் மட்டுமே. பயிற்றுநரின் கவனிப்புக்கும் சக நோயாளிகளின் துணைக்கும் உரிய பங்கை ஆசனத்தின் கணக்கில் எழுதிவிடும் அபாயம் இங்கே உண்டு. மாரடைப்புக்கு முன் செய்துவந்த வேலைகளுக்குத் திரும்பியவர்கள் யோகா பிரிவில் அதிகம் என்ற முடிவையே நான் மேலாக மதிக்கிறேன். அதுவும் நோயாளி சொல்வதுதான், இரண்டாம் நிலை அளவுகோல்தான். ஆனாலும் மறுவாழ்வு என்று பெயர் வைத்த திட்டம் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுவே. புகையிலையை விடுவதிலும் மாத்திரையைத் தவறாமல் எடுப்பதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாழ்க்கைமுறையை மாற்றுவதாகச் சொல்லும் திட்டத்துக்கு இது சிறிய குறையல்ல.

ஆகவே என் தீர்ப்பு: உடற்பயிற்சி வழியிலான மறுவாழ்வு கிடைக்காத இடத்தில், அல்லது நோயாளி அதை ஏற்காத இடத்தில், யோகா-கேர் தகுந்த தேர்வு, ஆய்வாளர்களே இதற்கு மேல் கோரவில்லை. உடற்பயிற்சி வழிமுறைக்குப் பின்னால் இதய நோய் இறப்பும் மருத்துவமனை அனுமதியும் குறைவதைக் காட்டும் காக்ரேன் தொகுப்பாய்வுகள் இருக்கின்றன. அதற்கு ஈடாக யோகாவை வைக்க, இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தும் சோதனை வேண்டும். அந்தச் சோதனையில் பெண்கள் கணிசமாக இடம்பெற வேண்டும். யோகா-கேரில் அவர்கள் ஏழில் ஒரு பங்குதான். மேலே சொன்ன தீர்ப்பை அவர்களுக்கும் அப்படியே நீட்ட எனக்குத் துணிவில்லை.