கருத்தரிப்பு விஞ்ஞானமும் திருச்சபையின் தீர்ப்பும்

பாரூர் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பெண்மக்கள் போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் சிப்காட் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டு வேலைக்குப் போய்வருகிற இந்நாளில், கர்நாடகத்தை ஒட்டிய இந்த எல்லைப்புறத்தின் குடும்ப வாழ்க்கை பல வகையிலும் மாறிவிட்டது. கல்யாண வயது தள்ளிப்போகிறது. பிள்ளைப்பேறும் அதனோடு தள்ளிப்போகிறது. ஆனால், கல்யாணமான மூன்றாம் மாதமே ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்கிற வழக்கமும், பிள்ளையில்லாதவளை வளைகாப்புக்கு அழைக்கத் தயங்குகிற வழக்கமும் மாறவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுத் தவிக்கிற தம்பதிகளை நோக்கித்தான், பெங்களூர் நெடுஞ்சாலையோரத்துப் பலகைகளில் சிரிக்கும் குழந்தைகளின் படங்களைக் காட்டிக் கருத்தரிப்பு மையங்கள் அழைப்பு விடுக்கின்றன.

எலத்தகிரி, மத்திகிரி போன்ற கிறிஸ்தவக் குடியிருப்புகளையும், 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மறைமாவட்டத்தையும் கொண்ட இப்பிரதேசத்தில், அந்த அழைப்புக்கு எதிராக ஒலிக்கும் குரல் கத்தோலிக்கத் திருச்சபையுடையது. சோதனைக்குழாய் முறை தகாது, கருமுட்டை தானம் தகாது, வாடகைத்தாய் முறை தகாது, கருத்தடைச் சாதனமும் தகாது என்று அது தீர்ப்பளிக்கிறது. இதை ஒரு மதத்தாரின் ஆசார விஷயம் என்று ஒதுக்கிவிடுவோரும் உண்டு. ஆண்டவன் கட்டளை என்று ஆராயாமல் ஏற்போரும் உண்டு. இரண்டும் சரியல்ல என்பதே என் அபிப்பிராயம். திருச்சபை எழுப்புகிற கேள்வி நம் எல்லாருக்கும் உரியது. அது தருகிற விடையிலோ கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. அவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால், அப்போதனை எந்தத் தத்துவத்தின் மேல் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தாம்பத்திய உறவுக்கு இரண்டு பொருள்கள் உண்டு என்கிறது திருச்சபை. கணவனையும் மனைவியையும் ஒன்றாக்குவது ஒன்று. புதிய உயிரை வரவேற்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனிதன் தன் இச்சைப்படி பிரிக்கலாகாது என்பதே 1968ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ஆறாம் பவுல் போப்பாண்டவர் வெளியிட்ட ‘ஹுமானே வீத்தே’ என்னும் சுற்றுமடலின் சாரம். கருத்தடை, பிள்ளையை விலக்கி உறவை மட்டும் கொள்கிறது; சோதனைக்குழாய் முறை, உறவை விலக்கிப் பிள்ளையை மட்டும் கொள்கிறது; ஆகையால் ஒரே சித்தாந்தம் இரண்டையும் மறுக்கிறது. 1987இல் கர்தினால் ராட்சிங்கர் தலைமையில் வெளியான ‘தோனும் வீத்தே’ அறிக்கை இதனோடு வேறொரு பிரமாணத்தையும் சேர்த்தது: கருவுற்ற கணத்திலிருந்தே அந்த உயிர் மனித நபருக்குரிய மரியாதையைப் பெறத்தக்கது, குழந்தை என்பது கொடையேயன்றி உற்பத்திப் பண்டம் அன்று.

திருச்சபை மருத்துவத்தையே மறுப்பதாக நினைப்பது தவறு. ஹார்மோன் சிகிச்சை, அடைபட்ட கருக்குழாயைத் திறக்கும் அறுவை, கருப்பை நோய்களுக்கான வைத்தியம் ஆகிய அனைத்தையும் அது வரவேற்கிறது. சிகிச்சை உறவுக்குத் துணை செய்யலாம், அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்பதே அது போடும் கோடு. சோதனைக்குழாயில் உருவான பிள்ளையையும் இறைவனின் கொடையாகவே அன்போடு ஏற்க வேண்டும் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. செயற்கை முறையில் நாயைக் கருவுறச் செய்து, ஏறக்குறைய 1780ஆம் ஆண்டிலேயே இத்துறைக்கு வித்திட்ட ஸ்பல்லன்சானி ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதையும், இதை விஞ்ஞானத்துக்கும் மதத்துக்கும் இடையிலான பழைய சண்டையாகவே சித்திரிப்பவர்கள் மறந்துவிடலாகாது.

இப்போதனையின் முதற்பெருஞ் சிறப்பு அதன் தீர்க்கதரிசனம். 2022ஆம் ஆண்டில் ஈரோட்டில் வெளிவந்த வழக்கு தமிழகத்தையே திடுக்கிடச் செய்தது. 16 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொய்யான வயதோடு ஆதார் அட்டை தயாரித்து, பெற்ற தாயே உடந்தையாக, தரகர் மூலம் பல ஊர்களின் கருத்தரிப்பு மையங்களுக்கு அழைத்துச் சென்று, அவளுடைய கருமுட்டைகளைப் பல முறை எடுத்து விற்றார்கள் என்பது புகார். அரசு அமைத்த விசாரணைக் குழுவின் பார்வைக்குள் வந்த மருத்துவமனைகள் இருந்த ஊர்களின் வரிசையில் ஈரோடு, பெருந்துறை, சேலம் ஆகியவற்றோடு நம் ஓசூரும் இருந்தது.

கருமுட்டை எடுப்பது என்றால் என்ன என்பதை விளம்பரப் பலகைகள் சொல்வதில்லை. பத்துப் பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து ஊசி போட்டு, இயற்கையாக மாதம் ஒன்று முதிர வேண்டிய முட்டையைப் பத்து, பதினைந்து என்று ஒரே சமயத்தில் முதிரச் செய்கிறார்கள். பிறகு மயக்கமருந்து கொடுத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே யோனி வழியாக நீண்ட ஊசியைச் செலுத்தி அவற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். மருந்தின் வேகத்தைத் தாங்காமல் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. குழந்தை வேண்டி வருகிற பெண் இதைத் தனக்காகத் தாங்குகிறாள். கூலிக்காகப் படுக்கிற பெண் யாரோ ஒருவருக்காகத் தாங்குகிறாள். குழந்தைப்பேறு ஒரு தொழிலாகிவிட்டால் அந்தத் தொழிலுக்கு மூலப்பொருள் ஏழைப் பெண்ணின் உடலாகவே இருக்கும் என்னும் அபாயத்தை 1987லேயே கண்டு, பிறர் கருமுட்டையையும் வாடகைத்தாய் முறையையும் ஐயத்துக்கிடமின்றி மறுத்தது திருச்சபை. இந்திய நாட்டில் இதற்கான சட்டங்கள் 2021ஆம் ஆண்டில்தான் நிறைவேறின. ஒரு பெண் வாழ்நாளில் ஒரு முறைதான் கருமுட்டை கொடுக்கலாம், அவள் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவளாக இருக்க வேண்டும் என்று அவற்றுள் ஒன்று விதித்தது. வணிக நோக்கிலான வாடகைத்தாய் முறையையும் உடன்வந்த சட்டம் தடுத்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னமேயே எச்சரித்த குரலைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது.

இரண்டாவது சிறப்பு, ஆட்சியின் கட்டாயத்துக்கு எதிராக அது தருகிற அரண். நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் மனமொப்பி வந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். 2014ஆம் ஆண்டில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே அறுவை மருத்துவர் ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்த முகாமை அடுத்துப் பத்துக்கு மேற்பட்ட பெண்கள் மாண்டார்கள். மனித உடலை எண்ணிக்கை இலக்காகக் காணும் அரசைப் பார்த்து, ‘இவ்வுடல் உன்னுடையதன்று’ என்று சொல்லும் துணிவு இப்போதனையில் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

மூன்றாவதாக, கருவிலேயே உயிரை மதிக்க வேண்டும் என்னும் போதனை இந்த மண்ணுக்கு மிக அவசியமானது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்கப்பட்டது என்பதும், 2001இல் அது அன்றைய தருமபுரி மாவட்டத்துக்கும் ஏன் நீட்டிக்கப்பட்டது என்பதும் நாம் அறிந்தவையே. பிறந்த பெண்சிசுவைக் கொன்ற கொடுமை, ஸ்கேன் கருவி வந்தபின் கருவறைக்குள் புகுந்தது. 1994ஆம் ஆண்டின் தடைச் சட்டத்துக்குப் பிறகும், கையடக்க ஸ்கேன் கருவியோடு வீடுவீடாகச் சென்று ஆணா பெண்ணா என்று சொன்ன கும்பல்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அண்மைக் காலம் வரை பிடிபட்டிருக்கின்றன. பெண் என்பதனாலேயே ஓர் உயிரை அழிப்பது எவ்வகையிலும் நியாயமாகாது என்று ஒரு ஸ்தாபனம் விட்டுக்கொடுக்காமல் சொல்வது பெரும் பலம். ஆனால், பெண்பிள்ளையைப் பாரமாக்குகிற வரதட்சணை கிறிஸ்தவக் குடும்பங்களிலும் நடக்கும்போது, கருவைக் காக்கச் சொல்லும் பிரசங்கம் அதையும் அதே கடுமையோடு கண்டிக்காவிட்டால் அந்தப் பலம் பாதியாகிவிடும்.

இனிக் குறைகளைப் பார்ப்போம். முதற்குறை, வெவ்வேறு தன்மையுடைய இரண்டு செயல்களை ஒரே தடைக்குள் அடக்கியது. பிறர் முட்டையை விலைக்கு வாங்குவது ஒன்று. சிகிச்சையால் திறக்க முடியாதபடி கருக்குழாய் அடைபட்ட மனைவியும் அவள் கணவனும் தங்கள் சொந்த முட்டையையும் விந்துவையும் கொண்டு மருத்துவர் உதவியால் ஒரு பிள்ளையைப் பெறுவது வேறொன்று. பின்னதில் விற்பவளும் இல்லை, தரகரும் இல்லை, பிள்ளையின் பெற்றோர் யார் என்னும் குழப்பமும் இல்லை. இதை மறுக்கத் திருச்சபைக்கு இரண்டு காரணங்களே மிஞ்சுகின்றன. மிகுதியான கருக்கள் அழிகின்றன என்பது முதலாவது. அது கனமான ஆட்சேபமே. ஆனால், ஒரு சிகிச்சைச் சுற்றில் மூன்று கருக்களுக்கு மேல் தாயின் கருப்பையில் வைக்கலாகாது, அவ்வளவுக்கு மேல் உருவாக்குவதும் ஆகாது என்று ஜெர்மனி 1990ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்து, அந்த ஆட்சேபத்துக்கு ஒரு பரிகாரம் உண்டு என்று காட்டியிருக்கிறது. அதையும் ஒப்புக்கொண்டால் எஞ்சுவது, உறவும் பிறப்பும் பிரிந்துவிடுகின்றன என்னும் இரண்டாவது காரணம் ஒன்றே. வேலை முடிந்த களைப்போடு மாதக்கணக்கில் மருத்துவமனை வாசலில் காத்திருந்து, ஊசிக்கும் ஏமாற்றத்துக்கும் ஒருவருக்கொருவர் துணையாய் நின்ற தம்பதியிடம் தாம்பத்தியத்தின் ஒருமை குறைந்துவிட்டது என்று சொல்வது தர்க்கத்துக்குப் பொருந்தலாம். மனித அனுபவத்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது குறை, உறுதியில்லாத இடத்தில் உறுதியான தீர்ப்பு. கருவுக்கு ஆன்மா எப்போது வருகிறது என்பதில் புனித தாமஸ் அக்வினாஸ் முதலியோர் அது பிந்தியே வருவதாகக் கருதினார்கள். அந்தக் கேள்வியைத் திருச்சபையின் 1974ஆம் ஆண்டு அறிக்கையும் திறந்தே விட்டது. சந்தேகம் உள்ள இடத்தில் உயிரின் பக்கம் நிற்பதே தர்மம் என்பது அதன் சமாதானம். அது மதிக்கத்தக்க சமாதானமே. ஆனால், அந்தப் பிரமாணத்தின் கடைசி எல்லைக்குப் போகும்போது திருச்சபைக்கே வழி அடைபடுகிறது. குளிரில் உறைய வைத்துக் கைவிடப்பட்ட ஆயிரமாயிரம் கருக்களை என்ன செய்வது என்று ஆராய்ந்த 2008ஆம் ஆண்டின் ‘திக்னித்தாஸ் பெர்சோனே’ அறிக்கை, அவற்றை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாகாது, பிள்ளையில்லாதவர்க்குச் சிகிச்சையாகவும் கொடுக்கலாகாது என்று கூறி, வேறு பெண்கள் தத்தாக ஏற்றுச் சுமப்பதிலும் சிக்கல் கண்டு, இது தீர்க்க முடியாத அநீதி என்று முடித்துவிட்டது.

மூன்றாவது குறையே நம் ஊர்ப் பெண்களை மிக நெருங்கித் தொடுவது. கருத்தடைக்குப் பதிலாகத் திருச்சபை கற்பிக்கும் இயற்கை முறை, பெண் தன் உடலின் குறிகளைக் கவனித்துச் சில நாட்கள் விலகியிருப்பதைப் பொறுத்தது. அன்னை தெரேசா 1979இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலும் இதைப் பெருமையோடு பேசினார். கணவன் மனைவியின் சொல்லைக் கேட்கிற வீட்டில் அது உன்னதமான முறைதான். ஆனால், குடித்துவிட்டு வருகிற கணவனிடம் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல முடியாத வீட்டில் அம்முறை யாருக்குப் பயன்படும்? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்திய மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைச் சார்ந்திருக்க, ஆண்களின் ஆபரேஷன் வெறும் 0.3 சதவீதமே. கட்டுப்பாட்டின் சுமை முழுவதும் பெண்ணின் வயிற்றிலேயே விழுகிற சமுதாயத்தில், தவறு செய்தோமோ என்னும் பாவ உணர்வையும் அவளே சுமக்கும்படி விடுவது கருணையாகாது. இத்துறையை ஆராயத் திருச்சபையே அமைத்த குழுவின் பெரும்பான்மையோர் 1966இல் கருத்தடையை அனுமதிக்கலாம் என்றே பரிந்துரைத்தனர், அது ஏற்கப்படவில்லை.

இவ்விதிகள் மாறவே முடியாதவை என்பாருக்கு இந்திய மண்ணிலிருந்தே ஒரு பதில் உண்டு. ஒரு காலத்தில் கன்னியர் மருத்துவத் தொழில் புரிவதையும் பிரசவம் பார்ப்பதையும் திருச்சபை அனுமதிக்கவில்லை. ஆண் மருத்துவரிடம் போக மறுத்த நம் நாட்டுப் பெண்கள் பிரசவத்தில் மடிந்ததைக் கண்டு, ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி கிளவ்ரி தனி அனுமதி பெற்று 1920இல் குண்டூருக்கு வந்து கன்னியராகவே வைத்தியம் செய்தார். 1936இல் ரோமாபுரி அந்தத் தடையையே நீக்கியது. 1943இல் அவர் நிறுவிய கத்தோலிக்க மருத்துவச் சங்கம் இன்று நாடெங்கும் பரவி நிற்கிறது. ஓசூரிலிருந்து எட்டும் தூரத்தில், பெங்களூர்க் கோரமங்களாவில் இன்று இயங்கும், ஆயர்கள் 1963இல் தொடங்கிய புனித ஜான் மருத்துவக் கல்லூரியும் அதே பரம்பரையின் விளைவு. பெண்களின் துயரத்தை நேரில் கண்டவர்கள் பேசினார்கள், விதி வழிவிட்டது. 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தபோது, சில வாரங்களில் முதலாம் ஜான் பால் போப்பாண்டவராகவிருந்த கர்தினால் லூச்சியானி, விஞ்ஞானம் செல்லும் திசை பற்றிய கவலையை மறைக்காமலேயே அக்குழந்தையை வாழ்த்தி, பெற்றோரைக் கண்டிக்க மறுத்ததும் இந்த மனப்பாங்கின் பாற்பட்டதே.

ஆகையால், நம் பொதுவிவாதம் இனிச் செல்ல வேண்டிய வழி தெளிவு. திருச்சபை, தம்பதியின் சொந்த உயிரணுக்களைக் கொண்டு, கருக்களை வீணாக்காமல் செய்யும் சிகிச்சையை அவர்களுடைய மனச்சாட்சிக்கு விட்டுவிட்டு, தன் முழு வலிமையையும் கருமுட்டை வியாபாரத்தின் மேல் திருப்ப வேண்டும். ஆலைப் பெண்களின் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தரகர் நுழையும் முன் சென்று எச்சரிக்கத் திருச்சபையின் கன்னியரைப் போல் தகுதியும் நம்பிக்கையும் உள்ளவர்கள் வேறு யார்? மறுபுறம், விஞ்ஞானத்தின் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிக்கொள்வோர், ஒவ்வொரு புதிய சிகிச்சையின் முன்னும் திருச்சபை கேட்கிற கேள்வியைத் தாமும் கேட்கக் கற்க வேண்டும்: இதற்கான விலையை யாருடைய உடல் கொடுக்கிறது? ஒரு போதனையின் மதிப்பை அது எத்தனை பேரைத் தடுத்தது என்பதைக் கொண்டு அளக்க இயலாது. எத்தனை எளியவரைக் காத்தது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். அந்த அளவுகோலை முதலில் ஏற்க வேண்டியது திருச்சபை. இரண்டாவதாக ஏற்க வேண்டியவர்கள் அதை விமர்சிக்கும் நாம்.