நஞ்சுக்கொடிக்கு யார் பேர் வச்சது?

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் பிளஸ் டூ விலங்கியல் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளின் படம். ஃபெலோப்பியன் குழாய்: ஃபெலோப்பியோ எழுதியது 1561இல். கிராஃபியன் ஃபாலிக்கிள்: டி கிராஃப், 1672. நம்ம வீட்டுப் பொம்பளைங்க அடிவயித்துல இத்தனை ஐரோப்பிய ஆம்பளைங்க பேரு! 1559இல் கொலம்போ என்ற இத்தாலிய மருத்துவர், பெண்ணின் இன்ப உறுப்பைத் தானே கண்டுபிடித்ததாக எழுதினார். அதுவரை அது எந்தப் பொம்பளைக்கும் தெரியாதாக்கும்.

தமிழில் மேலை மருத்துவம் கற்பித்தவர் யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். பிரசவ மருத்துவ நூலையும் தமிழாக்கினார். கலைச்சொல்லை முதலில் தமிழில் தேடு, இல்லாவிட்டால் வடமொழியில், அதிலும் இல்லாவிட்டால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது என்பது அவர் வகுத்த முறை. நல்ல முறைதான். ஆனால் கருப்பையைப் பற்றிய தமிழ் நிகண்டுகளில் மட்டுமா இருந்தது?

எங்க அப்பத்தா ஊருக்கே பேறுகாலம் பார்த்தவள். "பனிக்கொடம் ஒடஞ்சிருச்சு, நஞ்சுக்கொடி இன்னும் விழலடி" என்பாள். கொடி முழுசாக வெளியே வராவிட்டால் உதிரம் நிற்காது, உயிர் போய்விடும் என்பது ஏடு படிக்காத அவளுக்குத் தெரியும். ஆதிக்க சாதி வீட்டில் அவ கை கருவாசல் வரை போகலாம். கால் அடுப்படிக்குள் போகக் கூடாது. கொல்லைப்பக்கமாக வந்து கொல்லைப்பக்கமாகவே போகணும். பிள்ளை பிறந்ததும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தீட்டு பிரசவத்துக்கா, அவளுக்கா? இன்றைக்குப் பாடநூல் நஞ்சுக்கொடியை 'தாய்சேய் இணைப்புத்திசு' என்கிறது. கையைத் தள்ளிவைத்தவர்கள் சொல்லையும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

இது நம் சேரியின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் அலபாமாவில் 1845 முதல் 1849 வரை, ஜே. மரியன் சிம்ஸ் கறுப்பின அடிமைப் பெண்களை மயக்கமருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துத் தைத்துத்தான், பிரசவத்தில் மூத்திரப்பையில் விழும் ஓட்டையை அடைக்கக் கற்றார். அனார்க்கா, லூசி, பெட்சி ஆகியோர் அந்தப் பெண்களில் மூவர். சிம்ஸுக்கு நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். அது அகற்றப்பட்டது 2018இல்தான்.

பெயரும் அறிவும் யாரிடமோ, உடம்பு மட்டும் நம்முடையது என்றால் என்ன நடக்கும்? மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை எடுத்திருந்தது 2019இல் அரசுக் குழு விசாரித்தபோது தெரிந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம் கட்டணும். மாதவிடாய் கூலிக்கு இடைஞ்சல். 'எடுத்துரலாம்' என்று டாக்டர் சொன்னால், 'எதை, ஏன்' என்று திருப்பிக் கேட்க நம் பெண்களுக்குச் சொல் வேணும்.

அந்தச் சொல் அப்பத்தா வாயில் இருந்தது. அதை அவள் பேத்திகளின் பாடப்புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்போம்.